தோலின் கீழே இடப்படும் நிறம்: மறைப்பா, மருந்தா?

மலையகத்து மூதாட்டியரின் முன்னங்கைகளில் இன்றும் காணப்படுகின்ற பச்சைக் கோலங்களும், நகரத்து அழகு நிலையங்களில் 'நிரந்தர ஒப்பனை' என்ற பெயரில் தீட்டப்படுகின்ற புருவங்களும் ஒரே தொழிலைச் சேர்ந்தவை என்று கூறினால் பலர் ஏற்கத் தயங்குவர். முன்னையதைப் பழமை என்றும் பின்னையதை நாகரிகம் என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் ஊசியினால் தோலைத் துளைத்து, அதன் ஊடாக நிறப்பொருளை உட்செலுத்தி, அதனை அங்கேயே தங்கச் செய்வதே இரண்டிலும் நடைபெறுகின்றது. விளக்குக் கரிக்குப் பதிலாகத் தொழிற்சாலையில் அரைத்தெடுத்த நிறத்தூளும், கையால் குத்தும் ஊசிக்குப் பதிலாக மின்சாரத்தில் இயங்கும் பேனாவும் வந்துள்ளன, அவ்வளவே.

இத்தொழில் இப்போது அழகுபடுத்துவதோடு நின்றுவிடவில்லை. வெண்புள்ளிகளையும், தீக்காய வடுக்களையும், சத்திரசிகிச்சைத் தழும்புகளையும் தோலின் நிறத்திலேயே பச்சை குத்தி மறைத்துவிடலாம் என்ற செய்தியும் கைத்தொலைபேசிகளின் வழியாக மலையகத்தின் லயங்கள் வரை வந்து சேர்ந்திருக்கின்றது. இங்குதான் நாம் சற்று நிதானிக்க வேண்டியுள்ளது. புருவத்தை அடர்த்தியாகக் காட்ட விரும்பும் ஒருவர் இழக்கக்கூடியது பெரும்பாலும் பணத்தை மாத்திரமே. கன்னத்தில் வெண்புள்ளி கண்ட ஓர் இளம்பெண்ணோ, பேசி முடித்த திருமணம் நின்றுவிடுமோ என்ற அச்சத்தோடு அந்த ஊசியின் முன் அமர்கின்றாள். அதனால் அவளுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை அமர்வதற்கு முன்னரே அவள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் தோலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்களில் படிகின்ற தேயிலைக் கறையை அறியாதவர் மலையகத்தில் இல்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அக்கறை போவதில்லை. ஆனால் சில வாரங்கள் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தால் தானாகவே மறைந்துவிடுகின்றது. மருதாணியும் அவ்வாறே இரண்டு மூன்று வாரங்களில் மங்கிப் போகின்றது. காரணம், இவ்விரண்டும் மேற்றோலின் வெளிப்படையை மாத்திரமே சாயமேற்றுகின்றன. மேற்றோல் ஓயாமல் புதுப்பிக்கப்படுவது. அதன் அடியில் பிறக்கின்ற கலங்கள் ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் மேலே வந்து உதிர்ந்துவிடுகின்றன; கறையும் அவற்றோடு உதிர்ந்து போகின்றது.

பச்சை அவ்வாறு உதிர்வதில்லை. ஊசி மேற்றோலைக் கடந்து, அதன் கீழுள்ள உட்தோலில் ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்குச் சற்று அதிகமான ஆழத்தில் நிறத்தூளை விட்டுவருகின்றது. உட்தோல் உதிராத பகுதி. அந்நிய பொருள் ஒன்று உள்ளே வந்துவிட்டதென்று அறிந்த உடல், அதனை அப்புறப்படுத்துவதற்குப் பெருவிழுங்கிகள் எனப்படும் காவற்கலங்களை அனுப்புகின்றது. அவை தூளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலாமல் அதனைச் சுமந்தபடியே அவ்விடத்தில் தங்கிவிடுகின்றன. பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று சுவையான ஓர் உண்மையை எலிகளில் காட்டியது. நிறத்தைச் சுமந்த கலம் இறக்கும்போது தூள் வெளியே சிந்துகின்றது; உடனே புதிதாக வந்த கலமொன்று அதனை மீண்டும் விழுங்கிக்கொள்கின்றது. ஆகவே, நாம் நிரந்தரம் என்று கருதுகின்ற பச்சை, உண்மையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டிருக்கின்ற ஒரு சுமையாகும். எல்லாத் தூளும் அங்கேயே தங்குவதும் இல்லை. ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களைச் சென்றடைகின்றது என்பதை 2017ஆம் ஆண்டு ஜேர்மனிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் நுண்கதிர்ப் பரிசோதனைகளின் மூலம் உறுதிப்படுத்தினர்.

விளக்குக் கரி கறுப்பு. ஆனால் அதனைக் கொண்டு குத்தியதை நாம் 'பச்சை' என்கிறோம். நம் முன்னோரின் கண்கள் பிழை செய்யவில்லை. கரியின் மேலே படர்ந்துள்ள தோல், ஒளியின் நீலக் கூறுகளைச் சிதறடித்து அதிகமாகத் திருப்பியனுப்புகின்றது. எனவே ஆழத்தில் கிடக்கும் கறுப்பு நீலம் தோய்ந்த பச்சையாகத் தெரிகின்றது. பாட்டியின் கையிலுள்ள அந்த நிறமாற்றமே இன்றைய நிற மறைப்புத் தொழிலின் தலையாய சிக்கலும் ஆகும். குப்பியில் காணும் நிறம் வேறு, தோலின் கீழே இடப்பட்ட பின்னர் தெரியும் நிறம் வேறு. வெண்புள்ளி உள்ள இடத்தின் மேற்றோலில் மெலனின் என்ற இயற்கை நிறப்பொருள் இல்லாமையால் கீழே இட்ட நிறம் மறைப்பின்றித் தெரிகின்றது. அதற்கு அருகிலுள்ள ஆரோக்கியமான தோலின் நிறமோ மேற்றோலிலேயே இருக்கின்றது. மேலே உள்ள நிறத்திற்குக் கீழே உள்ள நிறத்தை இணையாக்குவது, திரைச்சீலைக்குப் பின்னால் நின்று திரைச்சீலையின் நிறத்தையே தீட்ட முயல்வது போன்றது. கைதேர்ந்தவர்கள் சிறிய இடத்தில் முதலில் இட்டுப் பார்த்து, சில வாரங்கள் காத்திருந்து, அதன் பின்னரே தொடர்வதற்கு இதுவே காரணம். ஒரே அமர்வில் முடித்துத் தருவதாகக் கூறுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

இதற்குப் பயன்படும் நிறப்பொருட்கள் பெரும்பாலும் இரும்பு ஒட்சைட்டுகளாகும். தோட்டத்து மண் பாதைகளின் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காரணமான அதே வகைப் பொருட்கள்தாம், தூய்மையாக்கி நுண்ணிதாக அரைக்கப்பட்டு, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று அடிப்படை நிறங்களைத் தருகின்றன. அவற்றோடு டைட்டேனியம் ஈரொட்சைட் என்ற வெண்தூளைக் கலந்து மாநிறமும் பொன்னிறமும் உண்டாக்கப்படுகின்றன. இது சுவர்ப் பூச்சுகளை வெண்மையாக்கும் அதே பொருள். 1835ஆம் ஆண்டளவில் பௌலி என்ற ஜேர்மனிய வைத்தியர், பிறவியிலேயே தோன்றும் செந்நிறப் படைகளை மறைப்பதற்குச் சாதிலிங்கத்தையும் ஈய வெள்ளையையும் தோலில் குத்தினார் என்று மருத்துவ வரலாறு கூறுகின்றது. ஒன்று பாதரசக் கூட்டு, மற்றையது ஈயக் கூட்டு. அக்காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய தூள்கள் தீங்கு குறைந்தவை. எனினும், இவ்வகை நிறப்பொருள் எதுவும் தோலினுள் செலுத்துவதற்கென அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகத்தினால் அங்கீகரிக்கப்பட்டதில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2022 ஜனவரி தொடக்கம் பச்சை மைகளிலும் நிரந்தர ஒப்பனைப் பொருட்களிலும் ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. எமது நாட்டின் சிறுநகரங்களுக்கு வருகின்ற குப்பிகளின் மேலுறையில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதை வாங்குபவரும் வாசிப்பதில்லை. குத்துபவரும் வாசிப்பதாகத் தெரியவில்லை.

இனி வெண்புள்ளிக்கு வருவோம். உலக மக்களில் நூற்றுக்கு அரை வீதம் முதல் இரண்டு வீதம் வரையானோருக்கு இது உள்ளது. அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இருபது வயதுக்கு முன்னரே தோன்றிவிடுகின்றது. அதாவது பாடசாலைக் காலத்திலும் திருமண வயதை நெருங்கும் வேளையிலும். உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள், தோலின் நிறக்கலங்களைப் பகையெனப் பிழையாகக் கருதி அழிப்பதனால் நிறம் போகின்றது. இது தொற்றாது. தொடுவதாலோ ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ பிறருக்கு வராது. முற்பிறப்பின் வினை என்பதற்கும், மீனும் பாலும் சேர்த்துண்டதால் வந்தது என்பதற்கும் எவ்வித ஆதாரமும் இல்லை. இத்தனைக்கும் மேலாக இதனைப் பெரும் துயரமாக்கியது, நாம் இதற்கு இட்ட பெயர். 'வெண்குட்டம்' என்ற சொல், தொழுநோயோடு எவ்வகையிலும் சம்பந்தமற்ற ஒரு நிலையைத் தொழுநோயின் வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சென்னையில் இயங்கும் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கத்தின் இடையறாத முயற்சியின் பயனாகத் தமிழ்நாட்டு அரசு, 'வெண்குஷ்டம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'வெண்புள்ளிகள்' என்றே வழங்கவேண்டுமென ஆணையிட்டது. எமது பத்திரிகைகளும் பாடநூல்களும் அதைப் பின்பற்றுவதற்கு ஆணை எதுவும் தேவையில்லை.

அதேவேளை, வெளிறிய புள்ளி எல்லாம் வெண்புள்ளி ஆகிவிடாது என்பதையும் அழுத்திக் கூறவேண்டும். தேமல் என்பது பூஞ்சணத்தால் வருவது; பூச்சு மருந்தில் குணமாகும். தொழுநோயின் ஆரம்பப் படையும் வெளிறியே தோன்றும். ஆனால் அது பால் வெண்மையாக இராது, அவ்விடத்தில் உணர்ச்சியும் குன்றியிருக்கும். வைத்தியர் பஞ்சினால் வருடிப் பார்ப்பது இதனை அறிவதற்காகவே. தொழுநோய் இலங்கையில் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இனங்காணப்பட்டு வந்துள்ளனர். அதற்கான கூட்டு மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றது. உரிய காலத்தில் உட்கொண்டால் முற்றாகக் குணமாகும். இப்படிப்பட்ட ஒரு படையின் மீது நிறத்தைக் குத்தி மறைத்துவிட்டால் நோய் உள்ளே வளரும், நரம்புகள் சேதமுறும். மச்சங்களின் மீது குத்துவதும் அவ்வாறே ஆபத்தானது. மச்சம் புற்றாக மாறுமிடத்து அதன் நிற வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்க வேண்டிய தோல், பூச்சுக்குள் மறைந்துவிடுகின்றது. ஆகவே எந்தப் புள்ளியையும் மறைப்பதற்கு முன்னர் அது இன்னதென்று ஒரு தோல் நோய் வைத்தியர் கூறியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் உடப்புசல்லாவையை நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கைத் தேயிலையின் ஏழு பிராந்தியங்களுள் ஒன்றாக உலகச் சந்தையில் பெயர் பெற்ற ஊர் இது. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலை வரை சிறு புகையிரதமும் ஓடியது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காகப் போடப்பட்ட அப்பாதை, மோட்டார் லொறிகளின் வருகையோடு கைவிடப்பட்டுக் கழற்றியெடுக்கப்பட்டுவிட்டது. இன்று இப்பகுதித் தோட்டமொன்றில் வசிக்கும் பெண்ணுக்குக் கன்னத்தில் ஒரு வெண்புள்ளி தோன்றுகின்றது என வைத்துக்கொள்வோம். தோட்ட மருந்தகத்தில் களிம்பு கொடுப்பார்கள். தோல் நோய் நிபுணரைக் காணவேண்டுமெனில் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ செல்லவேண்டும். சிகிச்சை நிலைய நாள் வாரநாளாக இருக்கும். அன்று பிரட்டுக்குப் போகாவிட்டால் நாட்சம்பளம் இல்லை. நிறத்தை மீட்கும் சிகிச்சைகளுள் முக்கியமானதாகிய குறுகிய அலைக்கற்றைப் புறஊதாக் கதிர்ச் சிகிச்சையோ, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைகள் வீதம் மாதக்கணக்கில் செய்யப்பட வேண்டியது. கட்டணமில்லாச் சிகிச்சை என்று நாம் பெருமைப்படும்போது, பஸ் கட்டணமும் இழந்த சம்பளமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

ஆதலால் அவள் அருகிலுள்ளதை நாடுகின்றாள். முதலில் வருவது முகப்பூச்சு. புள்ளியை நிறமாக்க முடியாவிட்டால் சுற்றியுள்ள தோலையாவது வெளுக்கச் செய்துவிடலாம் என்ற எண்ணம். இலேபிளில் பொருட்களின் பெயரற்ற இத்தகைய வெண்மைப் பூச்சுகளிற் பலவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. சிறுநீரகத்தைச் சிதைக்கும் இந்நஞ்சை முகப்பூச்சுகளிலிருந்து அகற்றுவதற்கு 2023ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட சர்வதேசச் செயற்றிட்டமொன்றில் காபொன், ஜமேக்கா ஆகியவற்றோடு இலங்கையும் சேர்க்கப்பட்டது, இங்கு அப்பூச்சுகள் எவ்வளவு பரவியுள்ளன என்பதற்குச் சான்று. பூச்சுக்கு அடுத்ததாக வருவது ஊசி.

ஊசி என்ன செய்யும்? வெண்புள்ளிக்கு ஒரு விசேட குணமுண்டு. நோய் முனைப்பாக இருக்கும் காலத்தில் தோலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே புதிய வெண்புள்ளி தோன்றிவிடுகின்றது. கோப்னர் என்ற ஜேர்மனிய வைத்தியரின் பெயரால் இது அழைக்கப்படுகின்றது. பச்சை குத்துதல் என்பது ஆயிரக்கணக்கான சிறு காயங்களின் தொகுதி. ஆகையால் பரவிக்கொண்டிருக்கும் வெண்புள்ளியின் மீது நிறம் குத்தினால், குத்திய இடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று விரியக்கூடும். நடுவிலே தீட்டிய நிறம் தீவு போல் நிற்கும். முன்னிருந்ததைவிட அது பன்மடங்கு கண்ணை உறுத்தும். எனவேதான் ஆகக் குறைந்தது ஓராண்டு காலமாவது புதிய புள்ளி தோன்றாமலும் பழைய புள்ளி விரியாமலும் இருந்தாலன்றி ஊசியைத் தொடுவதில்லை என்பது இத்துறை வைத்தியர்களின் பொது விதியாக உள்ளது. அழகு நிலையத்தில் இக்கேள்வி கேட்கப்படுகின்றதா?

மலையகத்துக்கேயுரிய தடை மற்றொன்றும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறும்போது புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ பத்து வீதம் கூடுகின்றது. குளிராக இருப்பதால் வெயில் சுடவில்லை என்று நினைக்கின்றோம். தோல் அவ்வாறு நினைப்பதில்லை. உடப்புசல்லாவைத் தேயிலை மலைகளின் உயரம் சுமார் 3,000 அடி தொடக்கம் 5,000 அடிக்கு மேல் வரை செல்கின்றது. மாசி, பங்குனி வெயிலில் நாள் முழுவதும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் முகம் கறுக்கும். கார்த்திகை, மார்கழி மழையிலும் மூடுபனியிலும் அதே முகம் வெளுக்கும். உயிருள்ள தோல் இவ்வாறு பருவத்தோடு மாறுகையில், இரும்புத் தூளால் இட்ட நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். கொழும்பில் குளிரூட்டிய அறையில் பணிபுரியும் ஒருவருக்கு ஓரளவு பொருந்துகின்ற நிறம், மலையில் வேலை செய்பவருக்கு ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே பொருந்தும். காலப்போக்கில் கறுப்புக் கூறு மங்கி, சிவப்புக் கூறு எஞ்சி, அவ்விடம் செங்கல் நிறமாவதும் உண்டு.

இவற்றைக் கூறுவதனால் இத்தொழில் முற்றிலும் பயனற்றது என்று நாம் வாதிடவில்லை. உதடு, விரல் நுனி போன்ற உரோமமற்ற இடங்களில் வெண்புள்ளி மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. மருந்தினால் நிறம் மீளும்போது அது உரோமக் கால்களில் ஒளிந்திருக்கும் நிறக்கலங்களிலிருந்தே புள்ளி புள்ளியாகப் புறப்படுகின்றது. உரோமமில்லாத இடத்தில் அந்தச் சேமிப்பு இல்லை. நோய் அடங்கிய பின்னர் உதட்டுக்கு நிறமூட்டுவது அத்தகையோருக்கு உண்மையான ஆறுதல். வெண்புள்ளியால் பாதிக்கப்பட்ட பாடகர் மைக்கல் ஜாக்சனின் உதடுகளிலும் புருவங்களிலும் இவ்வாறான ஒப்பனைப் பச்சை இருந்தமை, 2009ஆம் ஆண்டு அவர் இறந்த பின்னர் செய்யப்பட்ட பிரேத பரிசோதனையில் பதிவாகியுள்ளது. அவர் 1993இல் தொலைக்காட்சியில் தமது நோயைப் பற்றிக் கூறியபோது உலகம் நம்பவில்லை. வெள்ளையராவதற்கு ஆசைப்பட்டார் என்றே பேசியது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு முலைக்காம்பின் தோற்றத்தை நிறத்தால் மீட்டுத் தருவதும், சத்திரசிகிச்சையால் தலையிலோ புருவத்திலோ உரோமம் இழந்த இடத்தில் நுண்கோடுகளை வரைவதும் வைத்தியசாலைகளின் துணையோடு பல நாடுகளில் நடைபெறுகின்றன.

தீக்காயங்களை இங்கு தனியே குறிப்பிடத்தான் வேண்டும். மின்சாரம் எட்டாத காலத்தில் லயத்து அறைகளில் வெறும் போத்தலில் திரியிட்டு எரித்த மண்ணெண்ணெய் விளக்குகள் எத்தனை பேரின் முகத்தையும் கழுத்தையும் சுட்டன என்பதற்கு முறையான கணக்கு எவரும் வைத்திருக்கவில்லை. இந்தக் கொடுமையைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கண்டு மனம் நொந்த டாக்டர் விஜய கொடகும்புர, எளிதில் கவிழாத, கவிழ்ந்தாலும் திருகு மூடியால் எண்ணெய் சிந்தாத தட்டையான கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கி நாடெங்கும் வழங்கினார். 1998ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. விபத்தைத் தடுத்த அவர் நன்றிக்குரியவர். தடுக்கப்படாமல் போனவர்களின் வடுக்கள் இன்னும் நம்மிடையே உள்ளன. தட்டையாக முதிர்ந்த வடுவுக்கு நிறமூட்டுவது ஓரளவு பலன் தரும். ஆனால் அதற்கு ஓராண்டேனும் கழிந்திருக்க வேண்டும். தடித்துப் புடைத்து வளரும் வடு உடையவர்களை ஊசி நெருங்கவே கூடாது. கேலொயிட் எனப்படும் இத்தகைய வடு வெண்ணிறத் தோலினரைவிட எம் போன்ற கருநிறத் தோலினரிடமே அதிகம். நிறம் மேட்டையும் பள்ளத்தையும் சமப்படுத்துவதில்லை என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும்.

கிருமித் தொற்றைப் பற்றி நீட்டிக் கூறவேண்டியதில்லை. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தினால் ஈரல் அழற்சி பீ, சீ வகைகளும் எச்.ஐ.வி.யும் பரவலாம் என்பது பாடசாலை மாணவருக்கும் தெரியும். ஊசி புதியது, ஆகவே பயமில்லை என்று நினைப்பதுதான் தவறு. நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் விடாப்பிடியான தொற்று ஏற்பட்டது. அனைவருக்கும் இடப்பட்டது, தயாரிப்பின்போது நீர் சேர்த்து ஐதாக்கப்பட்ட சாம்பல் நிற மை. கிருமி வந்தது மையோடுதான். தோலின் நிறத்துக்கு ஏற்ப நிறங்களைக் கலந்து ஐதாக்குவதே நிற மறைப்பின் அன்றாட வேலை என்பதால் இது கவனத்துக்குரியது. பீலித் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ சொட்டு விட்டுக் கலக்கும் ஒருவரிடம் முகத்தைக் கொடுப்பது விவேகமன்று.

பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துவிடலாம் என்று ஆறுதல் கூறப்படுகின்றது. கறுப்புப் பச்சைக்கு அது பெருமளவு உண்மை. தோல் நிறப் பச்சைக்கோ நிலைமை நேர்மாறானது. அதிலுள்ள சிவப்பு இரும்பு ஒட்சைட்டும் வெண்மையான டைட்டேனியமும் லேசரின் வெப்பத்தில் இரசாயன மாற்றமடைந்து அந்தக் கணத்திலேயே கறுத்துவிடக்கூடும். வெண்புள்ளியை மறைக்க வந்தவர் கரும்புள்ளியோடு திரும்புவார். அதனை நீக்குவதற்கு மேலும் பல அமர்வுகள் தேவைப்படும்.

அப்படியாயின் வழி என்ன? நிறத்தை மீட்கும் மருத்துவத்துக்கே முதலிடம். களிம்புகளும் கதிர்ச் சிகிச்சையும் குறிப்பாக முகத்தில் நல்ல பலன் தருகின்றன. ரக்சோலிடினிப் என்ற களிம்பு 2022ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதன் விலை நம்மவர்க்கு எட்டாதது. நோய் அடங்கியவர்களுக்கு ஆரோக்கியமான தோலிலிருந்து நிறக்கலங்களை எடுத்துப் பதியும் சத்திரசிகிச்சை இந்திய வைத்தியசாலைகளில் பல்லாண்டுகளாக நடைபெறுகின்றது. இவையெல்லாம் முயன்று பார்க்கும் முன்னர் ஊசியால் நிறமிட்டுவிட்டால், பின்னர் இயற்கை நிறம் மீண்டாலும் அது செயற்கை நிறத்தின் மேல் படிந்து அவ்விடம் திட்டாகக் கறுத்துத் தோன்றும் என்பதை மறந்துவிடலாகாது.

சிகிச்சை நடைபெறும் மாதங்களிலும் மனிதர் வெளியே போகத்தானே வேண்டும்? அதற்கு உதவுவது தோலின் மேலே பூசும் மறைப்புக் களிம்பு. முகத்தில் பிறவிச் செம்படை கொண்டிருந்த லிடியா ஓலியரி என்ற அமெரிக்கப் பெண், அதன் காரணமாக வேலை மறுக்கப்பட்ட வேதனையில் தாமே ஆராய்ந்து 1928ஆம் ஆண்டு உருவாக்கிய பூச்சு இவ்வகைக்கு முன்னோடி. சாதாரண முகப்பூச்சைவிட இதில் நிறத்தூள் பன்மடங்கு அதிகம். மேலே மெல்லிய தூள் தட்டிப் பதித்துவிட்டால் வியர்வைக்கும் மழைக்கும் கலையாமல் பல மணி நேரம் நிற்கும். இரவில் கழுவிவிடலாம். முகம் கறுக்கும் மாதத்தில் ஒரு நிறம், வெளுக்கும் மாதத்தில் வேறொரு நிறம் என மாற்றிக்கொள்ளலாம். பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கம் 1975ஆம் ஆண்டு தொடக்கம் தொண்டர்களுக்குப் பயிற்சியளித்து, வைத்தியசாலைகளில் இச்சேவையை நடத்திவந்தது. 2011இல் 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்ற தொண்டு நிறுவனம் அதனைப் பொறுப்பேற்றது. அங்கு தொண்டர் செய்வது எளிய வேலைதான்: வந்தவரின் தோலுக்குப் பொருந்தும் நிறத்தைக் கண்டுபிடித்து, பூசும் முறையைக் கற்றுக்கொடுத்து, குறிப்பெழுதி அனுப்புவது.

இதனை மலையகத்தில் செய்ய இயலாதென்பதற்கு நியாயம் எதுவும் எமக்குத் தென்படவில்லை. இதற்குக் கட்டடம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். தோட்டங்களிலே சுகாதாரப் பணியில் உள்ள தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும் சில நாட்களில் கற்கக்கூடிய பயிற்சி இது. இருக்கின்ற குறை நிறங்களில்தான். வெளிநாட்டுக் களிம்புப் பெட்டிகளில் வெண்ணிறத் தோலுக்கென இருக்கும் வகைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், வெயிலில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணின் கன்னத்துக்குப் பொருந்துவன மிகச் சில. அந்நிறங்களை இங்கேயே அளந்து, இங்கேயே கலந்து தருவதற்கு எமது பல்கலைக்கழகங்களின் இரசாயனத் துறைகளுக்கோ உள்நாட்டு அழகுப்பொருள் உற்பத்தியாளருக்கோ பெரும் சிரமம் இருக்கப்போவதில்லை. இராகலையிலோ வலப்பனையிலோ மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தோல் நோய் வைத்தியரும் அத்தகைய பயிற்சி பெற்ற ஒருவரும் வந்து அமர்ந்தால், உடப்புசல்லாவைப் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளமும் மிஞ்சும், தன் கன்னத்தில் உள்ளது என்னவென்பதும் தெரியவரும்.